நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாச சுவாமிகள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழ் முத்திறப்படும். இயற்றமிழைக் கற்றோர் சுவைப்பர். இசைத்தமிழைச் செவியறிவு வாய்ந்தோர் நுகர்வர். நாடகத் தமிழோ கற்றார், கல்லாதார், முதியோர், இளையோர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் ஒருங்கே தன்பால் ஈர்க்கவல்லது. ஏட்டை விரித்தறியாத உழவரும் ஓர் இரவு முழுதும் கண் விழித்திருந்து அறநூற் கருத்துகளைக் கேட்டு உள்ளங்கொள்ளுமாறு செய்வது நாடகமே. அத்தகைய நாடகத் தமிழைப் பிற்காலத்தில் வளர்த்த பெரியாருள் தலைசிறந்தவர் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் ஆவர்.

மதுரையினின்று தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையின் இடையே அருப்புக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அதற்குக் கிழக்கே குண்டாற்றின் கரையில் திருச்சுழி அமைந்துள்ளது. சுந்தரமூர்த்தி நாயனாரால் பாடப்பெற்ற தலம் அது. இரமண முனிவர் 1879-ஆம் ஆண்டில் பிறந்ததும் அவ்வூரிலேயே. இவ்விரண்டு ஊர்களையும் சூழ்ந்துள்ள நிலம் வறண்ட நிலம். ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே காணப்படும். கார்த்திகை மழை பொய்க்குமாயின் கண்மாய்கள் நிரம்பா. கரிய மண்ணில் பருத்தியும், கம்பும், சோளமும், மல்லியும், மிளகாயும் விளையும். நெசவும் நூற்பும் அருப்புக்கோட்டை மக்களுக்கு நெடுங்காலமாக வாழ்வளித்து வருகின்றன.

இந்நிலத்துச் சிற்றூர்களில் அறுவடை முடிந்து, மாசி, பங்குனித் திங்கள்களில் அம்மன் கோயில் பொங்கல் நிகழும். அப்போது ஊர்ப்பொது இடத்தில் கொட்டகை எழும். இரவு பத்து மணியளவில் ஆர்மோனியத்தின் ஒலியும் மிருதங்கத்தின் ஒலியும் கேட்கும். பாயும் தலையணையும் சுமந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து அமர்வர். கிழக்கு வெளுக்கும்வரை நாடகம் நடைபெறும். பெரும்பாலும் அது 'வள்ளி திருமணம்' ஆக இருக்கும். அந்நாடகத்தின் பாட்டும் உரையும் யாரால் இயற்றப்பட்டன என்று வினவினால், ஊரிலுள்ள முதியோர் சிறிதும் தயங்காது, "எல்லாம் சுவாமிகள் பாட்டு" என விடையிறுப்பர்.

சுவாமிகள் அந்நெடுஞ்சாலையின் தென்கோடியிலேயே தோன்றியவர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி அவர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1867. தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தமிழறிந்தவர், இராமாயணத்தில் தேர்ச்சி மிக்கவர். ஆதலின் மகனுக்கு அவரே முதலாசிரியராயினார். சங்கரனார்க்கு வயது ஒன்பதாக இருந்தபோது தென்னாட்டைத் தாது ஆண்டுப் பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் மக்கள் எண்ணிலடங்காதார் மாண்டனர். பிற்காலத்தில் பஞ்சத்தின் கொடுமையைப் பேசும் நாடகமொன்றை இயற்ற இருந்தவரின் இளமை அப்பஞ்சத்தின் நிழலிற் கழிந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பின்னர்ச் சங்கரனார் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். உடுமலைச் சரபம் முத்துசாமிக் கவிராயர் அவருடன் பயின்றவர். அவரும் பின்னாளில் நாடகாசிரியராக விளங்கினார். வெண்பாவும், கலித்துறையும், வண்ணமும், சந்தப் பாக்களும் இளமையிலேயே சங்கரனார்க்கு எளிதில் கைவந்தன. எனினும் புலமை அந்நாளில் வயிற்றை நிரப்பவில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் சிலகாலம் கணக்கராக வேலை பார்த்தார். உப்பு மூட்டைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அவர் உள்ளம் சீர்களையும் தளைகளையும் எண்ணிக்கொண்டிருந்தது போலும்! இருபத்து நான்காம் வயதில் அவ்வேலையை விடுத்து நாடகத்துறையிற் புகுந்தார்.

அக்காலத்து நாடக மேடை எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. ஊர்தோறும் தெருக்கூத்து நிகழ்ந்து வந்தது. மராட்டிய நாட்டிலிருந்து வந்த குழுவினரைக் கண்டு, திரைச்சீலைகளும் காட்சிப் பிரிவுகளும் அமைந்த புதிய நாடகக் குழுக்கள் தமிழ்நாட்டிலும் தோன்றின. ஆனால் நடிகர்கட்கு உரிய உரையாடல் வரையறுக்கப்படவில்லை. கதையின் போக்கை மட்டும் கேட்டறிந்துகொண்டு, அவரவர் மனம்போனவாறு பேசினர். நல்ல பேச்சுத்திறன் உடையவன் நாடகத்தை உயர்த்துவான், இல்லாதவன் கெடுப்பான். நகைச்சுவை என்னும் பெயரால் நாகூசும் சொற்களும் மேடையில் வழங்கின. நாடகக்காரன் என்றால் நன்மக்கள் முகஞ்சுளித்தனர். இந்நிலையைக் கண்ட சுவாமிகள் ஒவ்வொரு நாடகத்திற்கும் பாடல், வசனம் ஆகியவற்றைத் தொடக்கமுதல் முடிவுவரை எழுதி வரையறுத்தார். எந்தப் பாத்திரம் எவ்விடத்தில் எதனைக் கூறவேண்டும் என்பது ஏட்டில் உறுதியாயிற்று. இது சிறிய செயல்போலத் தோன்றினும், தமிழ் நாடகத்திற்கு அவர் இட்ட அடிப்படை இதுவேயாம்.

சாமி நாயுடு என்பவரின் குழுவிலும், கல்யாணராமையரின் குழுவிலும் அவர் ஆசிரியராகவும் நடிகராகவும் பணியாற்றினார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் போன்ற வன்மை மிக்க வேடங்களே அவர்க்குப் பொருந்தின. அவர்தம் உருவமும் குரலும் கண்டார் நெஞ்சை நடுங்கச் செய்வனவாம். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு ஒரு பெண் அஞ்சி உயிர் துறந்தாள் எனவும், எமன் வேடத்தில் அவர் எழுப்பிய முழக்கங்கேட்டு அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது எனவும் அவர் வரலாற்றைக் கூறுவோர் எடுத்துரைப்பர். இவற்றால் உள்ளம் நைந்த சுவாமிகள் வேடம் புனைவதை அறவே விடுத்தார் என்பர். தம் கலையின் ஆற்றலைக் கண்டு செருக்குறுவார் உலகிற் பலர். அவ்வாற்றல் பிறர்க்குத் துன்பம் விளைத்தது என்று கருதி அதனைத் துறப்பார் மிகச் சிலர். சுவாமிகள் அச்சிலருள் ஒருவர்.

அதன்பின் அவர் துறவு நெறியை மேற்கொண்டு திருத்தலங்கள் பலவற்றை வழிபட்டுத் திரிந்தார். மணம் செய்துகொள்ளாது வாழ்ந்த அவரை மக்கள் 'சுவாமிகள்' எனப் போற்றினர். புதுக்கோட்டையில் கஞ்சிரா வாசிப்பிற் பெயர்பெற்ற மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன்போல் ஏற்று ஆதரித்தார். தாள நுட்பங்களிற் பேரறிவாளரான அவரோடு பழகியதனால் சுவாமிகளின் பாடல்கள் தாளச் சிறப்பு மிக்கனவாக அமைந்தன. மீண்டும் நாடகப் பணியை மேற்கொள்ளுமாறு தூண்டியவரும் அவரே.

மீண்டும் வந்த சுவாமிகள் ஒரு புதிய வழியைக் கண்டார். வயது முதிர்ந்த நடிகர் பலரிடம் ஒழுங்கில்லை. குடிப்பழக்கமும், நேரந்தவறுதலும், எழுதிய உரையை மாற்றிப் பேசுதலும் அவரை வருத்தின. இளஞ்சிறுவர்களைத் திரட்டிக் குருகுல முறையிற் பயிற்றினால் நாடகம் திருந்தும் என எண்ணினார். அதன் பயனாகத் தோன்றியதே பாலர் நாடக சபை. சமரச சன்மார்க்க நாடக சபையை அவர் அமைத்தார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியபோது அதன் ஆசிரியராக அமர்ந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் என நாடு போற்றிய சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நால்வர் குடும்பம் அச்சபையிற் சேர்ந்தது அவ்வாண்டிலேயே. அப்போது சண்முகனார்க்கு வயது ஆறு.

சபை வாழ்வு எளிதன்று. பெற்றோரைப் பிரிந்த சிறுவர் ஊர் ஊராகச் சென்று, இரவில் நடித்து, பகலிற் பாடங்கேட்டனர். ஆசிரியரின் கண்டிப்பும் கடுமையானதே. குழந்தைகளை அவ்வாறு வேலையில் ஈடுபடுத்துதலை இக்காலச் சட்டமும் அறிவும் ஒப்பா. எனினும் பள்ளிக்கூடம் எட்டாதிருந்த அந்நாளில் ஏழைச் சிறுவர் பலர்க்கு அச்சபையே எழுத்தறிவித்தது. தமிழ்ச் செய்யுளைப் பிழையின்றி ஒலிக்கக் கற்பித்தது. தமிழ் மேடையிலும் பின்னர்த் திரையிலும் தெளிந்த உச்சரிப்பால் புகழ்பெற்ற நடிகர் பலர் பாலர் சபைகளில் வளர்ந்தவரேயாவர்.

சுவாமிகளின் எழுத்தாற்றலுக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியை டி. கே. சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். சிறுவரான அவர்க்கேற்ற முதன்மைப் பாத்திரம் ஒன்று வேண்டும் எனச் சுவாமிகள் கருதினார். ஒருநாள் இரவு உணவிற்குப்பின் விளக்கை அருகில் வைத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். சிறுவர்கள் உறங்கிவிட்டனர். பொழுது விடிந்து அவர்கள் எழுந்தபோது 'அபிமன்யு சுந்தரி' என்னும் நாடகம் பாடலும் உரையாடலுமாக முற்றுப்பெற்றிருந்தது. ஓரிரவில் எழுதிய அந்நாடகம் பல ஆண்டுகள் மேடையில் நிலைபெற்றது. முயன்று கற்ற இலக்கணமும், இராமாயண பாரதக் கேள்வியும், மேடையில் நின்று பெற்ற பட்டறிவும் முன்னரே உள்ளத்தில் நிறைந்திருந்தமையாலன்றோ அஃது ஓரிரவிற் பெருகி வழிந்தது! இருபதாண்டு உழைப்பே அவ்வோர் இரவாக வெளிப்பட்டது எனலாம்.

சுவாமிகள் ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் இயற்றினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், சதி சுலோசனா, இலவகுசா, சதி அனுசூயா, நல்லதங்காள் முதலியன அவற்றுட் சில. புராண இதிகாசங்களிலிருந்தும், பெரிய எழுத்துப் புத்தகங்களாக நாட்டுப்புறத்தில் வழங்கிய கதைப்பாடல்களிலிருந்தும் அவர் கதைகளை எடுத்தாண்டார். செகப்பிரியரின் ரோமியோவும் சூலியத்தும், சிம்பலைன் ஆகியவற்றையும் தமிழ் மேடைக்கு இயைய அமைத்தார். உரையாடலினிடையே திருக்குறள், நாலடியார் முதலிய நீதிநூற் கருத்துகளைப் பூவிடை நார்போலத் தொடுத்தார்.

சுவாமிகள் வாழ்ந்த காலத்திலேயே ஆங்கில மேடையில் பெர்னாட்சா என்னும் பேரறிஞர் விளங்கினார். அவர் 1856-இல் தோன்றி 1950-இல் மறைந்தவர். 1925-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். அவர் தம் நாடகங்களுக்கு நீண்ட முன்னுரைகளை எழுதி நூலாக வெளியிட்டார். அரங்கிற்குச் செல்லாதோரும் அவற்றைப் படித்துப் பயன்கொண்டனர். சுவாமிகளின் நெறி அதனின் வேறாயது. அவர் எழுதிய நாட்டில் மக்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதார். ஆதலின் அவர் நடிகர் நாவையே ஏடாகவும், மக்கள் செவியையே நூலகமாகவும் கொண்டார். முன்னவர் வழக்கமான எண்ணங்களை அசைத்து அறிவைத் தூண்டினார். பின்னவர் வழிவழி வந்த அறங்களை உள்ளத்தில் ஊன்றினார். நிலத்திற்கேற்ப விதை வேறுபடுதல் இயல்பேயன்றோ?

நிலத்திற்கேற்ற விதை என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இன்றும் கண்கூடாகக் காணலாம். வள்ளி தினைப்புனங் காக்கிறாள். பரண்மீது நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டுகிறாள். அக்காட்சியைக் காண்போர் யார்? கம்பங்கொல்லையிலும் சோளக்கொல்லையிலும் குருவி ஓட்டித் தம் இளமையைக் கழித்தவர்களே. மேடையில் நிற்பவள் அவர்க்குத் தேவமகளாகத் தோன்றுவதில்லை. தம் வீட்டுப் பெண்ணாகவே தோன்றுகிறாள். அவளை நாடி முருகப்பெருமான் வேடனாகவும் விருத்தனாகவும் வரும்போது, கடவுளே தம் கொல்லைக்கு வந்ததாக அம்மக்கள் மகிழ்கின்றனர்.

நல்லதங்காள் கதையோ அவர்தம் நெஞ்சை உருக்குவது. பஞ்சத்தால் வருந்திய நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு தமையன் இல்லம் தேடிச் செல்கிறாள். தமையன் இல்லாத வேளையில் அண்ணி மூளியலங்காரி உணவு தர மறுக்கிறாள். பசி பொறாத தாய் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்கிறாள். அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் மானாமதுரை என்பது வழக்கு. பிறந்தகமோ வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரம். அங்கு அவளுக்குக் கோயில் உண்டு. மானாமதுரையிலிருந்து அர்ச்சுனாபுரம் நோக்கி மேற்கே நடப்போர் இவ்வறண்ட நிலத்தையே கடந்து செல்லவேண்டும். ஆகவே, அவள் தம் ஊர் வழியே நடந்து சென்றதாகவே இங்குள்ளோர் எண்ணுவர். பசித்து வந்தாரைப் புறந்தள்ளலாகாது என்னும் அறத்தை, மழை பொய்க்கும் நிலத்து மக்களுக்கு இதனினும் அழுந்தக் கூறுவது எளிதன்று.

இங்கு நிகழும் நாடகத்திற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் ஒரு வியப்பு உண்டு. நடிகர் எல்லாரும் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் ஓர் ஊரினர்; ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரினர்; பபூன் வேறோர் ஊரினர். மதுரை, புதுக்கோட்டை முதலிய நகரங்களிலுள்ள நடிகர் சங்கங்களின் வழியாக ஊரார் ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்துவர். ஒத்திகை என்பது இல்லை. மாலையில் வந்து சேர்வோர், அதற்குமுன் ஒருவரையொருவர் கண்டறியாதவராகவும் இருக்கலாம். ஆயினும் திரை விலகியதும் வினாவிற்கேற்ற விடையும், பாட்டிற்கேற்ற எதிர்ப்பாட்டும் தடையின்றி எழுகின்றன. இது எவ்வாறு இயல்வதாயிற்று? அனைவரும் சுவாமிகள் வகுத்த பாடத்தையே கற்றவராதலின் என்க. ஒரே இலக்கணத்தைக் கற்றோர் எந்நாட்டில் சந்திப்பினும் உரையாட இயலுமன்றோ? அதுபோலவே, அன்று அவர் வரையறுத்த உரை இன்று முன்பின் அறியாதாரை ஒரு மேடையில் ஒன்றுபடுத்துகிறது.

இதற்குக் குறை கூறுவாரும் உளர். பாட்டு மிகுந்து கதை தேங்குகிறது என்பர் சிலர். நடிகர் தம் மனம்போல் சொற்களைப் புகுத்திச் சுவாமிகள் பாடத்தைச் சுருக்கிவிடுகின்றனர் என வருந்துவர் சிலர். இரண்டாவது கூற்று எண்ணிப் பார்க்கத்தக்கது. எந்தச் சீர்கேட்டை நீக்கச் சுவாமிகள் ஏடும் எழுத்தாணியும் கொண்டாரோ, அது வேறு வடிவில் மீளுமாயின், அவர் உழைப்பு வீணாகும். பாடத்தைப் பிழையறக் கற்று, அதன்மேல் தம் கற்பனையைச் சேர்க்கும் நடிகரே அவர் மரபினர். பாடத்தைக் கல்லாது கற்பனையை மட்டும் நம்புவோர் அவருக்கு முந்திய காலத்திற்கே செல்கின்றனர்.

சுவாமிகளின் இறுதிக் காலம் துன்பம் மிக்கது. வாத நோய் அவரைப் பற்றியது. எழுதிய கை அசையவில்லை. எத்தனையோ சிறுவர்க்குச் சொல் கற்பித்த நா பேசும் ஆற்றலை இழந்தது. அந்நிலையிலும் அவர் சபையை விட்டு நீங்கவில்லை. ஊர் ஊராகச் சபையுடனே சென்றார். ஆசிரியர் வாய் பேசாதிருக்க, அவர் எழுதிய உரையை மாணவர் மேடையில் நாள்தோறும் பேசினர். சபை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. அவர் சேர்த்து வைத்த பொருள் இல்லை. மனைவி மக்கள் இல்லை. மாணவர்களே அவர் மக்கள்; நாடகங்களே அவர் செல்வம்.

சுவாமிகள் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. திரைப்படமும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மக்கள் பொழுதைக் கவர்ந்துகொண்டன. எனினும் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பங்குனி இரவொன்றில், வள்ளி ஆலோலம் பாடத் தொடங்கும்போது, பாயிற் சாய்ந்திருந்த முதியவர் எழுந்து அமர்கிறார். அடுத்த அடியை நடிகைக்கு முன்பே தம் வாய்க்குள் முணுமுணுக்கிறார். அவர் பள்ளி சென்றறியாதவராக இருக்கலாம். ஆயினும் ஒரு புலவரின் செய்யுள் அவர் நெஞ்சில் எழுதப்பட்டிருக்கிறது. பேச்சிழந்து மறைந்த ஆசிரியரின் குரல் அம்முதியவரின் வாயில் இன்றும் ஒலிக்கிறது. நாடகத் தமிழுக்குச் சுவாமிகள் விட்டுச்சென்ற உடைமை அதுவே. அதனைப் பிழையின்றிக் காத்தல் நம் கடமையாகும்.

வினாக்கள்

1. சங்கரதாச சுவாமிகளுக்கு முன்னர்த் தமிழ் நாடக மேடை எந்நிலையில் இருந்தது?
2. சுவாமிகள் பாலர் சபைகளை அமைத்ததன் காரணம் யாது?
3. ஒத்திகையின்றியே ஸ்பெஷல் நாடகம் நடைபெற இயல்வது எங்ஙனம்?
4. வள்ளி திருமணமும் நல்லதங்காளும் வறண்ட நிலத்து மக்களின் உள்ளத்தைக் கவர்வதேன்? விளக்குக.